வெயிலில் பத்து நிமிட ஓய்வு: யாருக்கு, எப்போது, கேட்டால் என்ன சொல்வார்கள்

விதி சின்னது. சிங்கப்பூரில் வெட்டவெளியில் கடுமையான உடலுழைப்பு செய்பவருக்கு, வெப்ப அளவு 32ஐத் தொட்டால் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது குடிக்க வைக்க வேண்டும். மனிதவள அமைச்சு 2023 அக்டோபர் 24 அன்று அறிவித்தது இது. அந்த ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரிக்குப் போய், 1983இல் பதிவான உச்சத்தைத் தொட்டது. அப்புறம்தான் வேகம் வந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

விதி இருக்கிறது, ஓய்வு ஏன் கிடைக்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் கூடும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நின்று நாலு பேரிடம் கேட்டால், நாலு விதமாகத் திருப்பி அனுப்பப்பட்ட கதை வரும். அந்த நாலையும் தெரிந்துகொண்டு போனால், கேட்கும்போது வாய் அடைக்காது.

முதலில், 32 என்பது எந்த 32? உங்கள் போனில் தெரியும் வானிலை டிகிரி அல்ல. பலர் தோற்பது இங்கேதான். "அண்ணே, 33 டிகிரி காட்டுது, ஓய்வு குடுங்க" என்று போனை நீட்டுவார்கள். சூப்பர்வைசர் மீட்டரைக் காட்டி "31தான்டா, போய் வேலையப் பாரு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். விதி பார்ப்பது டபிள்யூபிஜிடி என்ற அளவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 விழுக்காடு, வெயில் படும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் வருவது அது. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் வெயிலில் சுருண்டு விழுந்தபோது, அதைத் தடுக்க உருவாக்கியது. ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பங்கு? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சிங்கப்பூர்க் காற்றில் அது காய்வதில்லை. ஆகவே இந்த அளவில் 32 என்பது, போன் காட்டும் 32ஐவிட மிகக் கடுமையானது.

போனில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியைப் பாருங்கள். உங்கள் சைட்டுக்குப் பக்கத்து நிலையத்தின் டபிள்யூபிஜிடி அளவு அதில் வரும். அதிலும் ஒரு பொறி உண்டு. பொதுமக்களுக்கான அறிவுரையில் 31க்குக் கீழே 'குறைவு', 31 முதல் 32.9 வரை 'மிதம்', 33 முதல் 'அதிகம்' என்று பிரித்திருக்கிறார்கள். வேலையிட ஓய்வோ 32இலேயே தொடங்கிவிடுகிறது. 32.5 இருக்கும்போது செயலி 'மிதம்' என்றுதான் சொல்லும். "மிதம்தானே, எதுக்கு ஓய்வு" என்பார்கள். நிறத்தையும் பெயரையும் விடுங்கள், எண்ணைக் காட்டுங்கள். ஒரே வெயிலுக்கு இரண்டு கோடு போட்டவர்கள், அதைச் சைட்டில் நிற்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இரண்டாவது, மீட்டர் எங்கே தொங்குகிறது. 50 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாத கட்டுமான ஒப்பந்தம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை போன்ற இடங்களில் அங்கேயே மீட்டர் வைத்து, வேலை நடக்கும்போது மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். மற்ற இடங்கள் செயலியைப் பார்த்துக்கொள்ளலாம். மீட்டரை சைட் ஆபீஸ் வாசலில், தகரக் கூரைக்கு அடியில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? கறுப்பு உருண்டையில் வெயிலே படாது. மேலே நான்காவது மாடித் தளத்தில் கம்பி கட்டுபவனுக்கு 32.6 இருக்கும், கீழே நிழலில் மீட்டர் 31.4 காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் உண்மைதான், ஓய்வு மட்டும் இல்லை.

ஏன் அப்படி மாட்டுகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 20 பேர் கொண்ட குழுவுக்கு மணிக்கு 10 நிமிடம் ஓய்வு என்றால், ஒவ்வொரு மணிக்கும் 200 நிமிட உழைப்பு நின்றுபோகிறது. வேலை தாமதமானால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். வெயில் அடித்த நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்களா? அறிவியல் 32 என்று கோடு கிழித்தது, அரசு அதை விதியாக்கியது, செலவை யார் தாங்குவது என்பதை மட்டும் எல்லாரும் சேர்ந்து சப்-கான்ட்ராக்டர் தலையில் விட்டார்கள். அவர் மீட்டரை நிழலில் விட்டார்.

வேலைக்கு முன் நடக்கும் காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) எல்லார் முன்னாலும் சண்டை போடாமல் கேட்கலாம்: "அண்ணே, மீட்டரை நாங்க வேலை பாக்குற இடத்துல வைக்கலாமா? மணிக்கு மணி மீட்டர் அளவு எழுதுற பேப்பர் எங்க இருக்கு?" இந்த இரண்டு கேள்வி போதும். பதிலைவிட, கேட்டது பதிவாவது முக்கியம். பிறகு தினமும் ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், செயலியில் பக்கத்து நிலையத்தின் எண், அப்போது என்ன வேலை செய்தீர்கள், ஓய்வு கிடைத்ததா என்று எழுதுங்கள். படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஜூரோங் தீவு மாதிரி இடங்களில் படம் எடுப்பதே குற்றமாகி, பேச்சு வெயிலை விட்டு உங்கள் போனுக்குப் போய்விடும்.

மூன்றாவது பொறிதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது: 'கடுமையான உடலுழைப்பு'. கட்டாய ஓய்வு அதற்கு மட்டும்தான். மண் வெட்டுவது, மூட்டை தூக்குவது, கையால் தோண்டுவது, கான்கிரீட் உடைப்பது எல்லாம் அதில் வரும். சாலையில் கொடி பிடித்துப் பத்து மணி நேரம் தார் மேல் நிற்பவர்? கிரேனுக்குச் சைகை காட்டுபவர்? அவர்களுக்கு இந்த 10 நிமிடம் உறுதி இல்லை. காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. தசை உழைக்கும்போது உடம்பே உள்ளிருந்து சூட்டை உண்டாக்குகிறது, ஆகவே தூக்குபவருக்கு ஆபத்து சீக்கிரம் வரும். ஆனால் நிற்பவருக்கு வராது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கோட்டை அங்கே போட்டது மலிவாக இருந்ததால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. கேட்கும்போது உங்கள் வேலை பெர்மிட்டில் இருக்கும் வேலைப் பெயரைச் சொல்லாதீர்கள். 'ஜெனரல் ஒர்க்கர்' என்றால் லேசான வேலை என்று முடித்துவிடுவார்கள். கையும் காலும் என்ன செய்தன என்று சொல்லுங்கள்: "காலையிலிருந்து 25 கிலோ சிமெண்டு மூட்டை தூக்குறேன்." அதை யாரும் லேசான வேலை என்று சொல்ல முடியாது.

நான்காவது, மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கணக்கில் காட்டுவது. "ஒரு மணி நேரம் லஞ்ச் குடுத்தாச்சே, அதுல எல்லாம் அடக்கம்" என்பார்கள். அடக்கம் இல்லை. விதி சொல்வது மணிக்கு ஒருமுறை. பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் 32 இருந்தால், பன்னிரண்டு மணிச் சோறு அதற்கு ஈடாகாது. கூரையில்லாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஓய்வு என்பதும் செல்லாது. நிழல் வேண்டும்.

அலைக்கழிப்பு எப்படி இருக்கும் என்றால், உங்கள் பாஸிடம் கேட்டால் "சைட் மெயின்-கான் (முதன்மை ஒப்பந்ததாரர்) உடையது, அவங்ககிட்ட கேள்" என்பார். மெயின்-கான் சேஃப்டி ஆஃபிசர் "நீ எங்க ஆள் இல்ல, உன் கம்பெனில கேள்" என்பார். இரண்டுமே தட்டிக்கழிப்பு. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது, இடத்தை நடத்துபவருக்கும் வைத்திருக்கிறது. ஒருவர் கடமை இன்னொருவரால் தீராது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்களும் இதைக் கவனியுங்கள். முதல் 7 நாளாவது வெயில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. "புதுக்கோட்டைல இதைவிட வெயில் அடிக்கும், நீ எதுக்குப் பழகணும்" என்று கிண்டல் செய்வார்கள். அங்கே வியர்வை காயும் வெயில், இங்கே காயாத வெயில். தவிர, உடம்பு பழகியது சில வாரம் விட்டாலே போய்விடும். பொங்கலுக்கு ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இறங்கிய மறுநாளே முழு ஓடி (ஓவர்டைம்) போட வேண்டாம்.

சரி, உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. கூட இருப்பவர் உளற ஆரம்பித்தால், நடை தடுமாறினால், பேசினால் பதில் இல்லை என்றால் பாஸுக்குப் போன் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 995ஐக் கூப்பிடுங்கள். நிழலுக்கு இழுத்து, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தலைசுற்றல், வாந்தி என்று கிளினிக் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. கம்பெனி ஆள் கூடவே வருவார், உங்களுக்காக அவரே பேசுவார். "காய்ச்சல், ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்று சொல்லிவிடுவார். மருத்துவர் அதையே எழுதுவார். அந்த ஒரு வரியில் உங்கள் இழப்பீடு போய்விடலாம். அதீத வெப்பத்தால் வரும் நோய்கள் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வேலையால் வந்தது என்று தெரிய வேண்டும். ஆகவே நீங்களே வாயைத் திறந்து "வெயிலில் வேலை செய்யும்போது விழுந்தேன்" என்று சொல்லுங்கள், நேரத்தையும் சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் போனில் எழுதிக் காட்டுங்கள்.

மருத்துவர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் அசலை நீங்கள் படம் எடுத்து வைத்த பிறகே கம்பெனியில் கொடுங்கள். எம்சி தராமல் "டார்ம்ல (தங்கும் விடுதியில்) ரெஸ்ட் எடு" என்று கம்பெனி சொன்னால், அது பதிவே ஆகாத நாள். வேலையால் வந்த எம்சி என்றால் அதை முதலாளி 10 நாளுக்குள் அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம் உண்டு. அது ஓடியும் சேர்ந்த சராசரிச் சம்பளம். வெறும் அடிப்படைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருடாந்திர நோய்விடுப்பில் கழித்திருந்தால், கணக்கு தப்பு. கோரிக்கை வைக்க ஓராண்டு அவகாசம் இருக்கிறது, ஆனாலும் சாட்சிக்கு நிற்கும் நண்பன் அதற்குள் வேறு சைட்டுக்கோ ஊருக்கோ போய்விடுவான். தள்ளிப்போடாதீர்கள்.

புகார் என்றால் மனிதவள அமைச்சின் பணியிடப் பாதுகாப்பு எண் 6317 1111. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, இரவிலும் எடுப்பார்கள். "ஓய்வு தரவில்லை" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது. சைட் வாசல் பலகையில் இருக்கும் மெயின்-கான் பெயர், இடம், தேதி, நேரம், அன்றைய எண், என்ன வேலை என்பதை நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அதிகாரி வரும் நாளில் மழை பெய்தாலும் பெய்யும். அதனால் "அந்தத் தேதிக்கு மணிக்கு மணி எழுதிய மீட்டர் பதிவை வாங்கிப் பாருங்கள்" என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொல்லலாம்.

புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதே நேரத்தில், காரணம் சொல்லாமல் பெர்மிட்டை ரத்து செய்யவும் கம்பெனியால் முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புகார் கொடுத்த சில நாளில் பெர்மிட் ரத்து, டிக்கெட் போட்டாச்சு என்று செய்தி வந்தால், எதிலும் கையெழுத்துப் போடாமல், பெட்டியைக் கட்டும் முன் மேலே சொன்ன நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். புகார் கொடுத்த தேதியையும் ரத்தான தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்குப் போன பிறகு கூப்பிட்டால் உதவுபவர்களுக்கும் நேரம் இருக்காது.