நேர்கோடுகளை மட்டும் பார்த்து ஷிஃப்டை ஒப்படைக்காதீர்கள்

நொதித்தல் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் பிடித்தது நேர்கோடுதான். வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் திரையில் ஆடாமல் அசையாமல் ஓடினால், "பேட்ச் நல்லா போகுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் நுண்ணுயிர்ச் செல்கள் வளரும் கலனுக்குள் நடப்பதை அந்தக் கோடுகளைவிட, அவற்றை நேராக வைக்க கன்ட்ரோலர் என்ற தானியங்கிக் கருவி படும் பாடுதான் தெளிவாகச் சொல்லும்.

பிஎச் மாறவில்லை, சரி. வளரும் செல்கள் விடும் அமிலத்தைச் சமன்செய்ய மணிக்கு எவ்வளவு அம்மோனியா இறங்கியது? அந்த அளவு திடீரெனச் சரிந்தால் செல்களின் வளர்ச்சி தளர்ந்திருக்கலாம். குளிர்நீர் வால்வும் அப்படித்தான். செல்கள் ஒரு மோல் ஆக்சிஜனைச் செலவிட்டால் ஏறக்குறைய 460 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். குளிர்நீரின் வெப்பநிலை மாறாதவரை, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே செல்கள் எவ்வளவு சுவாசிக்கின்றன என்பதற்கு அடையாளம்.

உற்பத்தியைக் கூட்டுவது பெரும்பாலும் சர்க்கரை ஊட்டும் பம்புதான். ரொட்டி ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொடுத்தால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அது எத்தனாலை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஈ.கோலை பாக்டீரியா அசிடேட்டைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டிலும் சர்க்கரை வீண். வெளியேறும் வாயுவில், உருவான கார்பன் டை ஆக்சைடுக்கும் செலவான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் ஈஸ்ட்டில் 1-ஐத் தெளிவாகத் தாண்டினால் பம்பைத் தானாகவே மெதுவாக்கும்படி அமைக்கலாம்.

ஆக்சிஜனோ கையிருப்பே இல்லாத சரக்கு. 30 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம் அளவுதான். அடர்ந்த வளர்ப்பில் அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். முதலில் கலக்கியின் வேகம், அப்புறம் காற்று, தேவைப்பட்டால் தூய ஆக்சிஜன் என்று கன்ட்ரோலர் படிப்படியாக ஏற்றும். எல்லாமே உச்சத்தைத் தொட்ட பிறகு? ஊட்டத்தைக் குறைக்கும் கட்டளையை எழுதாமல், அலாரம் மட்டும் அடிக்கவிடும் நிரல்களை நிறையப் பார்க்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அந்த அலாரத்தை யார் மதிப்பார்கள்?

பிஎச்-ஐ அளக்கும் மின்முனை, கிருமி நீக்கும் 121 டிகிரி நீராவியில் திரும்பத் திரும்ப வெந்து அளவு தவறும். கன்ட்ரோலர் அந்தத் தவறான எண்ணையே விசுவாசமாகக் காப்பாற்றும், கோடும் நேராகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மாதிரி எடுத்து வெளியே ஒருமுறை அளந்து பாருங்கள். நுரை சென்சாரில் அழுக்குப் படிந்தால், நுரையே இல்லாதபோதும் நுரைக்கொல்லி கொட்டிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் கரைவது குறையும், பின்னால் வடிகட்டியும் அடைக்கும். நுரைக்கொல்லிப் பம்புக்கு மணிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துவிடுங்கள். வரம்பைத் தொட்டால் ஆள் நேரில் போய்ப் பார்க்கட்டும்.