பழைய வீட்டைக் கலைக்கூடமாக்கும் முன்: நூறு மீட்டர் விதியின் பொறிகள்

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து நாற்புறமும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே புதிதாகக் கட்ட முடியாது. அதற்கப்பால் குறைந்தது 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கே அனுமதி பெற்றே கட்டலாம். பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் சொல்வது இது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும், ஏனெனில் மக்கள் பணத்தை இழப்பது வேறு இடங்களில்.

முதல் பொறி அளவீட்டில் இருக்கிறது. தூரம் கண்ணுக்குத் தெரியும் கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து கணக்கிடப்படுகிறது. மாமல்லபுரம் போலச் சின்னங்கள் சிதறிக் கிடக்கும் ஊரில் ஒரே வீடு பல சின்னங்களின் வட்டங்களுக்குள் விழலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே எல்லையை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

தடைசெய்யப்பட்ட பகுதியில் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ விண்ணப்பிக்கும் உரிமை கட்டடத்தின் உரிமையாளருக்கே உண்டு. கலைக்கூடம் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பவர்கள் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வாடகையும் கட்டத் தொடங்கிய பிறகே தம் பெயரில் மனுச் செய்ய முடியாது என்பதை அறிகிறார்கள். மேலும், கட்டடம் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பின்னர் உரிய ஒப்புதலுடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் மனையை மட்டும் விவரிக்கும் பத்திரம் இதற்கு உதவாது. பழைய சொத்துவரி ரசீதையும் மின் இணைப்புப் பதிவையும் தேடி எடுங்கள்.

வடிவமைப்பில்தான் பலர் சிக்குகிறார்கள். இருக்கும் கட்டடத்துக்குள் செய்யும் மாற்றம் புதுப்பித்தல். பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ எதைச் சேர்த்தாலும் அது கட்டுமானம், தடைசெய்யப்பட்ட பகுதியில் அதற்கு இடமே இல்லை. முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை, மாடியில் லிஃப்ட் அறை என்று வரைபடத்தில் அழகாகத் தெரிபவை மனுவையே கவிழ்த்துவிடும். பழைய சுவரைத் தொடாமல் தனித்து நிற்கும் காட்சித் தடுப்புகளையும், கழற்றக்கூடிய விளக்குத் தண்டவாளங்களையும் கொண்டு வடிவமைப்பதே பாதுகாப்பானது. ஓவியங்களுக்கும் அது குறை வைக்காது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் கட்ட அனுமதி கிடைத்தாலும், அதில் குறிக்கும் உயரத்துக்குள் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அடங்கும்.

மனுவைப் பெறும் தகுதிவாய்ந்த அதிகாரி அதை தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு 15 நாளில் அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும், அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்று சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் இந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. குறைகள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் தரும்படி எழுதிக் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த மனுவுக்குத் தடையின்மைச் சான்று கிடைத்துவிட்டாலே கட்டட அனுமதி கிடைத்ததாகாது. வரைபட ஒப்புதலையும், குடியிருப்பை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதியையும் உள்ளாட்சி அமைப்பிடம் தனியே பெற வேண்டும். அதுவரை "வேலையைத் தொடங்குங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் வாய்மொழியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்: விதிமீறலுக்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு, வழக்கில் நிற்கும் பெயர் உங்களுடையது.