ரேடியேட்டர்: கதிர்வீச்சியா, சூடாற்றியா?

கிருஷ்ணகிரியில் சுமையேற்றிக்கொண்டு மேடேறிய என் மைத்துனரின் பழைய லாரி, ஓசூரைத் தொடுமுன்பே கொதித்து, நிறுத்தி நிறுத்திப் பெங்களூரு கலாசிப்பாளையம் வந்து சேர்ந்தது. பட்டறையில் காத்திருந்தபோது தமிழ்ப் பராமரிப்புக் கையேட்டைப் புரட்டினேன். ‘கதிர்வீச்சியில் கசிவு உள்ளதா எனத் தினமும் பார்க்கவும்’ என்றிருந்தது. தருமபுரிக்காரரான மெக்கானிக் எட்டிப் பார்த்து, “சார், இது லாரிக்கா, கல்பாக்கத்துக்கா?” என்றார். இந்தச் சொல் என் கண்ணில் படுவது நான்காவது முறை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையேடு ‘கதிர்வீச்சி’ என்றது ரேடியேட்டரை. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘ரேடியஸ்’: ஆரக்கால், கதிர். குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் கருவிக்கு வைத்த பெயர், பிறகு மோட்டார் வண்டிக்கும் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் லாரியில் அது கதிர் வீசுவதை நம்பி இல்லை. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீர் மெல்லிய குழாய்களில் இறங்குகிறது. அவற்றை ஒட்டிய தகடுகளுக்கிடையே விசிறி காற்றை இழுக்கிறது. சூட்டைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். தகடுகளில் சேறு அடைத்தாலோ, குழாய்க்குள் உப்பு படிந்தாலோ, விசிறி பெல்ட் தளர்ந்தாலோ வண்டி கொதிப்பது அதனால்தான். அவர்கள் பொருந்தாப் பெயர் வைத்தால், அந்தப் பொருத்தமின்மையையும் நாம் பயபக்தியோடு மொழிபெயர்க்க வேண்டுமா?

‘குளிர்விப்பான்’ என்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். டீசல் எஞ்சினுக்கு உகந்த சூடு ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். இதில் குளிர் எங்கே வந்தது? அந்தச் சூட்டை எட்டும்வரை நீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. குளிர்ந்தால் நல்லதுதானே என்று அதைக் கழற்றி எறியும் பட்டறைகள் உண்டு. பிறகு டீசல் வீணாகும், சிலிண்டர் தேயும். முழுப் பழியையும் சொல்லின் மேல் போடமாட்டேன், பங்கு உண்டு.

நமக்கு வேண்டிய வினை அடுப்படியிலேயே இருக்கிறது: ஆற்றுதல். காப்பியை யாரும் குளிர்விப்பதில்லை. காற்றுப்பட ஆற்றிக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருகிறோம். ரேடியேட்டர் செய்வதும் அதுவே. ஆகவே சூடாற்றி. ட் இரட்டித்துச் ‘சூட்டாற்றி’ என்பதே இலக்கணம் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ‘வெப்பமாற்றி’ போதாதா என்றார் ஒரு நண்பர். அவர் வெப்பம், ஆற்றி என்று பிரிக்கிறார். படிப்பவர் வெப்ப, மாற்றி என்று பிரிப்பார். அந்தப் பெயரில் வேறு கருவிகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. பட்டறையில் ரேடியேட்டர் என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. அச்சில் தமிழாக்கியே தீருவேன் என்பவருக்குத்தான் இவ்வளவும்.

மைத்துனரின் வண்டியில் கெட்டிருந்தது ரேடியேட்டர் மூடியின் ரப்பர். 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூரில் திறந்த நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; உள்ளே அழுத்தத்தைப் பிடித்துக் கொதிநிலையை உயர்த்துவது அந்த மூடிதான். கையேட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ‘கதிர்வீச்சித் தொப்பி’ என்று போட்டிருந்தார்கள்.