ராம்ப் செக்: ஆய்வாளர் இறங்கிப் போன பிறகு

பீளமேடு விமான நிலையத்தில் ஒரு ஜூன் மாதக் காலை. நான் துணை விமானியாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. முந்தைய நாள் இரவு கோவையில் தங்கல். ஊர்க்காரன் என்பதால் அனுமதி வாங்கிக்கொண்டு சிங்காநல்லூரில் எங்கள் வீட்டிலேயே படுத்திருந்தேன். காலையில் சென்னைக்குப் புறப்பட வேண்டும். கேப்டன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கக் கீழே போயிருந்தார். நான் காக்பிட்டில் உட்கார்ந்து டேக் ஆஃப் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பாதி ஏற்றியிருப்பேன். மஞ்சள் மேலங்கி போட்ட இருவர் வாசலில் வந்து நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை. "டிஜிசிஏ. ராம்ப் செக். லைசென்ஸ், மெடிக்கல் காட்டுங்க." டிஜிசிஏ என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு. தரையில் நிற்கும் விமானத்தில் சொல்லாமல் வந்து செய்யும் சோதனைதான் ராம்ப் செக்.

எடுத்துக் கொடுத்தேன். மருத்துவச் சான்றிதழை நிதானமாகப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அணிந்துதான் பறக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. "ஸ்பேர் கண்ணாடி எங்கே தம்பி?"

அது சிங்காநல்லூர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

மாற்றுக் கண்ணாடி இல்லாமல் நான் பறக்க முடியாது. கோவையில் எனக்குப் பதிலாக உட்கார வேறு துணை விமானியும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா டிவிஎஸ் 50-யை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் கண்ணாடிக் கூட்டை வாசலில் காவலரிடம் கொடுத்து, அது என் கைக்கு வந்து சேர 40 நிமிடம் தாமதம். அத்தனை பயணிகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெட்கம் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது கண்ணாடியைப் பற்றி அல்ல. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

ஆய்வாளர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கதவைச் சாத்தலாமா என்று தரைப் பணியாளர் கேட்கிறார். எனக்கோ எப்படியாவது கிளம்பினால் போதும் என்று இருக்கிறது. கேப்டன் மட்டும் இருக்கையைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, "தம்பி, இன்னைக்கு இன்னும் எதுவுமே செய்யலைன்னு நெனச்சுக்க. முதல்ல இருந்து வா" என்றார். முதலிலிருந்து வந்தோம். மூன்றாவது நிமிடத்தில் அகப்பட்டது: கணினியில் நான் ஏற்றி வைத்திருந்தது ஓடுபாதை 05-க்கான கணக்கு. விடியற்காலையில் காற்று அசையாமல் இருந்தபோது அது சரிதான். அந்த 40 நிமிடத்துக்குள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஏறிவிட்டது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அது எப்படி வீசும் என்று கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓடுபாதையை 23-க்கு, அதாவது அதே ஓடுபாதையில் காற்றை எதிர்த்துக் கிளம்பும் எதிர்த்திசைக்கு, மாற்றியிருந்தார்கள். கணக்கை நான் மாற்றியிருக்கவில்லை.

பின்னால் எங்காவது அது பிடிபட்டிருக்கலாம், பிடிபடாமலும் போயிருக்கலாம்.

அடுத்த விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பொள்ளாச்சி - கோவை வழித்தடத்தில் தனியார் பேருந்து நடத்துனராக இருந்தவர். கிணத்துக்கடவில் திடீரென்று செக்கிங் ஏறுவார்கள்; டிக்கெட் எண்ணையும் இன்வாய்ஸையும் ஒத்துப் பார்ப்பார்கள். அவர் சொன்னார்: "செக்கர் வண்டியில இருக்கறப்பத் தப்பு வராது கண்ணு. அவரு எறங்குன பொறகு வரும். அடுத்த ரெண்டு ஸ்டாப்புல ஏறுனவங்களுக்கு டிக்கெட் போட உட்டுப்போயிரும். நான் அவரு எறங்குனதும் முன்னாலருந்து பின்னால வரைக்கும் ஒருக்கா நடந்து வந்துருவேன்."

விமானிகள் கூடிப் பேசும்போது ராம்ப் செக் என்றாலே ஆய்வாளர் என்ன கேட்டார், எதில் மாட்டினோம் என்பதுதான் பேச்சாக இருக்கிறது. ஆய்வு என்பது நம் வேலையின் நடுவே விழும் ஒரு வெட்டு என்பதைப் பேசுவதில்லை. வேலை எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்தில்தான் தவறு நுழையும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பெயின் நாட்டு ஸ்பானேர் நிறுவனத்தின் விமானம் விழுந்ததில் 154 பேர் இறந்தார்கள். அங்கே ஆய்வு எதுவும் நடக்கவில்லை. வெப்பநிலை உணரி ஒன்றில் கோளாறு, ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்தார்கள், சரிபார்த்தார்கள், நேரம் போயிற்று, மறுபடி கிளம்பினார்கள். சரிபார்ப்புப் பட்டியல் அறுபட்டதில் ஃபிளாப்பை, அதாவது மேலெழ உதவும் இறக்கைப் பலகையை, இறக்காமலே டேக் ஆஃப் செய்தார்கள். எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. இருவரும் தகுதி பெற்ற விமானிகள். தாமதமும் இடையூறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதனால் என்னோடு பறக்க வரும் இளையவர்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஆய்வாளர் வந்து நிற்கும்போது கை எதிலாவது இருந்தால், "சார், இரண்டு நிமிடம், இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் நல்ல ஆய்வாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. முடிக்க முடியாத வேலை என்றால் அதை முழுவதுமாக அழித்துவிடுங்கள். பாதியில் நிற்கும் கணக்கு, முடிந்த கணக்கைப் போலவே திரையில் தெரியும். இரண்டாவது, இருவரும் சேர்ந்து ஆய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒருவர் பேசட்டும், மற்றவர் விமானத்தைப் பார்க்கட்டும். எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கும், சரக்கு ஏறிக்கொண்டிருக்கும், பயணிகளும் வந்துகொண்டிருப்பார்கள். அதையெல்லாம் கவனிக்க ஒருவர் வேண்டும்.

சரி, அவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? விமானத்தின் பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், காப்பீடு, விமானியின் உரிமம், மருத்துவம் எல்லாம் பார்ப்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐபேடில் உள்ள வரைபடங்கள் நடப்புச் சுற்றைச் சேர்ந்தவையா என்று பார்ப்பார்கள். 28 நாளுக்கு ஒரு முறை அவை மாறும். டார்ச் எரிகிறதா, இருக்கைக்கு அடியில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, அவசர வழியில் யாராவது பையை வைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது ஒத்திவைத்த குறைகளில். விமானத்தில் ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றாலும் எம்இஎல் என்ற பட்டியல் அனுமதித்தால் குறிப்பிட்ட நாள்வரை பறக்கலாம். குறைகளை அந்தப் பட்டியல் வகை பிரித்திருக்கும்: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். கண்டுபிடித்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திங்கட்கிழமை கண்ட பி வகைக் குறை வியாழன் நள்ளிரவு வரை செல்லும். ஆய்வாளர் விரல் விட்டு எண்ணுவார். நாமும் எண்ணியிருக்க வேண்டும். பொறியாளர் எழுதிய தேதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கக் கூடாது.

எனக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகள் வளைகுடா நிறுவனம் ஒன்றில் கேப்டனாக ஐரோப்பாவுக்குப் பறந்தேன். அங்கே சாஃபா என்ற திட்டம் 1996-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டு விமானம் எது வந்து இறங்கினாலும் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். 50-க்கும் மேற்பட்ட அம்சங்கள் கொண்ட பட்டியல், குறைகளுக்கு மூன்று நிலைகள். ஒரு நாள் ஆய்வாளர் சக்கரக் காலில் டார்ச் அடித்து எண்ணெய்க் கசிவைக் காட்டினார். நான் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "போன இறக்கத்திலேயே பார்த்தேன், சின்னக் கசிவுதான்" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்படியானால் விமானப் பதிவேட்டில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

எழுதியிருக்கவில்லை. பொறியாளர் வந்து பராமரிப்புக் கையேட்டைத் திறந்து, நிமிடத்துக்கு இத்தனை சொட்டு வரை அனுமதி என்று அளந்து பார்த்தார். கசிவு வரம்புக்குள்தான் இருந்தது. கசிவில் குறை இல்லை. ஆனால் குறையைப் பார்த்தும் எழுதாமல் பறந்திருக்கிறேன் என்பதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அது குறையாகப் பதிவானது, அதில் நியாயமும் இருந்தது. "பொறியாளரைக் கூப்பிடுகிறேன், கையேட்டைப் பார்த்துவிடலாம்" என்று சொன்னாலே போதும். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதைவிட, தெரிந்ததை எழுதாமல் விடுவதைவிட, இது ஆயிரம் மடங்கு நல்லது.

இந்த அதிகாரம் ஏதோ ஐரோப்பாவின் தனி உரிமை என்றும் நினைக்க வேண்டாம். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 16-வது பிரிவு, வந்து இறங்கும் பிற நாட்டு விமானத்தைப் பார்க்கும் உரிமையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுத்திருக்கிறது. நியாயமற்ற தாமதம் கூடாது என்றும் அதே வரியில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் பீளமேட்டுக்கு வரும் விமானங்களை நம் அதிகாரிகளும் அப்படித்தான் பார்க்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது விமானப் பயிற்சிக்குப் போகிறார்கள். பறப்பதற்கு முன் மூச்சுப் பரிசோதனையில் அளவு சுழியமாக இருக்க வேண்டும். பறக்கும் முன் 12 மணி நேரம் மது கூடாது. முதல் முறை சிக்கினால் 3 மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை 3 ஆண்டு. ஊதாமலே போய் ஏறினாலும் நடவடிக்கை உண்டு. குடிக்கிற பழக்கமே இல்லாத பிள்ளைக்கு இதில் என்ன என்று நினைப்பீர்கள். நம் வீடுகளில் அஜீரணத்துக்கு அரிஷ்டம் கொடுப்போம். புளிக்க வைத்துச் செய்வதால் அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. சில இருமல் மருந்துகளிலும், வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் இருக்கிறது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பானைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் டிஜிசிஏ விதியிலேயே சேர்த்துவிட்டது. அம்மாக்களே, அப்புச்சிகளே, பிள்ளை வயிறு சரியில்லை என்றால் அன்பாக ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவன மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எது கொடுக்கலாமோ அதைக் கொடுங்கள். உடம்பு முடியாத பிள்ளை அன்றைக்குப் பறக்கவே போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஆய்வாளர்கள் மேல் எனக்கு மனக்குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவு சாத்தும் நேரத்தில் ஏறி வந்து, பயணிகள் காதில் விழும்படி குரலை உயர்த்தியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் அங்கே வாதாட வேண்டாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் கடமை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள முடியாது. அறிக்கையில் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். சாஃபாவில் அந்தக் கையெழுத்துக்குப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும்தான் பொருள், ஒப்புக்கொண்டேன் என்று இல்லை. பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

ஆனால் ஆய்வே வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு டெல்லி, மும்பை விமான நிலையங்களில் டிஜிசிஏ சிறப்புக் கண்காணிப்பு நடத்தியது. டயர் தேய்ந்திருந்ததால் ஓர் உள்நாட்டு விமானத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. உயிர்காப்பு அங்கிகள் இருக்கைக்கு அடியில் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தன. பயிற்சிக்கான சிமுலேட்டர் ஒன்று உண்மை விமானத்தின் அமைப்போடு ஒத்துப்போகவில்லை. தினமும் எத்தனையோ கண்கள் அந்த டயரைப் பார்த்திருக்கும், என் கண்ணைப் போன்ற பழகிய கண்கள். புதிய கண் ஒன்று வந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

சென்ற ஆண்டு ஒரு ராம்ப் செக்குக்குப் பிறகு நான் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பினேன். அதில் குறை எதுவும் சொல்லவில்லை. ஆய்வு எந்த நிமிடத்தில் வந்தது, அப்போது நாங்கள் எந்த வரியில் இருந்தோம், திரும்ப ஆரம்பித்தபோது எது விடுபட்டிருந்தது என்பதை மட்டும் எழுதினேன். இரண்டு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. ஆய்வு முடிந்ததும் புறப்பாட்டுத் தயாரிப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதனால் ஆகும் தாமதத்துக்கு விமானியிடம் விளக்கம் கேட்கப்படாது என்று அதில் இருந்தது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்றால், அடுத்த ஆய்வு முடிந்த அன்றே எழுதி அனுப்புங்கள்.