கண்ணுக்குப் பயந்து விட்டுவைத்த வேட்டைப்பல்

இந்த மாசி அறுவடைக் காலத்தில் மட்டும் இதே கதையோடு எங்களிடம் வந்தவர்களில் அவர் மூன்றாமவர். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த 45 வயதுத் தாய். மேல் வேட்டைப்பல்லில் சீழ் கட்டி, கன்னம் பளபளவென்று வீங்கி, இடது கண் மூடியிருந்தது. இமையை இரண்டு விரலால் விலக்கி, பார்வை தெளிவாக உள்ளதா, கருவிழி எல்லாப் பக்கமும் திரும்புகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் கெஞ்சினாள்: “மேல்பல்லைப் பிடுங்காதேங்கோ டொக்டர், ஊசியும் போடாதேங்கோ. அம்மா ஏற்கெனவே கண்ணாடி போடுறவ.” கராம்பு எண்ணெயையும் பனடோலையும் கொண்டு மூன்று வாரமாக அந்தப் பல்லைக் காத்து வைத்ததற்கு இந்த ஒரு பயமே காரணம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற இந்த நம்பிக்கை, எத்தனை தடவை சொன்னாலும் வன்னியில் அசைவதாயில்லை. மேற்பல்லின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மண்டையோட்டு நரம்பின் ஒரு கிளை. பார்வையைக் கொண்டுபோவது இரண்டாம் நரம்பு. பல்லின் வேர் கண்ணோடு தொடுக்கப்பட்டிருக்கவில்லை. 40 வயதைத் தாண்டும்போது எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. முரசு நோயால் பற்கள் ஆடத் தொடங்குவதும் பலருக்கு அந்த வயதையொட்டித்தான். பல்லைப் பிடுங்கிய அடுத்த வருடம் பத்திரிகை எழுத்து மங்கினால், பழி பல்லின் மேல் விழுந்துவிடுகிறது. விறைப்பூசி போட்டபின் சிலருக்கு இரட்டைப் பார்வையோ மங்கலோ ஏற்பட்டதாக மருத்துவ ஆய்விதழ்களில் பதிவுகள் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அவை மிக அரியவை. மருந்து கண்ணைச் சுற்றியுள்ள நரம்புகளை எட்டுவதால் வருபவை. பெரும்பாலும் விறைப்பு இறங்க, தாமாகவே நீங்கிவிடுபவை.

கண்ணுக்கு உண்மையான ஆபத்து சீழால்தான். வேட்டைப்பல்லின் வேர் நீளமானது. அங்கே பிடித்த கிருமி கண்குழிக்குள்ளும், நாளங்கள் வழியாக மூளையின் அடிப்பகுதிக்கும் பரவக்கூடும். எந்தக் கண்ணுக்காகப் பல்லை விட்டுவைத்தார்களோ, அந்தக் கண்ணே பறிபோகலாம்.

பிந்தி வருபவர்களுக்கு விறைப்பூசியும் சரியாகப் பிடிப்பதில்லை. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து நரம்புக்குள் போதியளவு நுழைவதில்லை. “ஊசி போட்டும் நொந்தது” என்ற கதை ஊருக்குள் பரவுவது இப்படித்தான். கீழ்க் கொடுப்புப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கினால் நிலைமை இதைவிட மோசம். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த அந்த நோயில் நாக்கு மேலெழும்பி மூச்சுவழியையே அடைக்கிறது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரலும் நுழையாதபோது, மயக்க மருந்து கொடுத்துச் சுவாசக்குழாய் இறக்குவது மயக்கமருந்து நிபுணருக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை நான் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாய்க்குப் பல்லைக் கழற்றிச் சீழை வடித்தோம். மூன்றாம் நாள் இமை திறந்தது, பார்வையில் குறையில்லை.

வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடம் பிடிக்காதீர்கள். கடையில் இரண்டு அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிப் போட்டு, வலி நின்றதும் விட்டுவிடாதீர்கள். பல் இருக்கும்வரை சீழின் ஊற்றும் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அந்த மருந்து எழுதிய துண்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், வீக்கத்தோடு புறப்படும்போது சோறு ஊட்டி அனுப்பாதீர்கள். எச்சில் விழுங்க முடியாமலோ, குரல் மாறியோ, படுத்தால் மூச்சு முட்டியோ இருந்தால் தயவுசெய்து விடியும்வரை காத்திராமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்துங்கள்.