ரெஃபரல் சீட்டை நம்பிப் போகாதீர்கள்: யாக்கமா மக்களுக்கான பி.ஆர்.சி. மருத்துவ உதவி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கமா என்ற பூர்வகுடி மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது டாப்பனிஷ் ஊர். அங்கே இருக்கும் ஐ.எச்.எஸ். (Indian Health Service) கிளினிக்கில் டாக்டர் பார்க்கிறார். "இதற்கு ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும்" என்று ரெஃபரல் எழுதிக் கொடுக்கிறார். நோயாளி வெளி மருத்துவமனைக்குப் போகிறார், சிகிச்சை முடிகிறது. சில மாதம் கழித்துக் கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர்களில் பலர் எந்தத் தப்பும் செய்யவில்லை. விதியை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த 14 பூர்வகுடிக் குழுக்களைச் சேர்த்து யாக்கமா என்ற ஒரே பெயரில் 1855 ஜூன் 9 அன்று அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது. ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அரசின் கைக்குப் போனது. பதிலுக்குக் கிடைத்த வாக்குறுதிகளில் ஒரு மருத்துவமனையும் ஒரு டாக்டரும் உண்டு, அதுவும் 20 ஆண்டுக்கு மட்டும். நிலம் போனது நிரந்தரமாக. இன்று பூர்வகுடி மக்களின் மருத்துவத்தை ஐ.எச்.எஸ். என்ற மத்திய அரசுத் துறை பார்க்கிறது. டாப்பனிஷ் கிளினிக்கில் படுத்துச் சிகிச்சை பெற வழியில்லை. அதே ஊர் மருத்துவமனையின் பிரசவப் பிரிவும் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. ஆகவே பிரசவம், அறுவை, இதயம், புற்றுநோய் என்று எதுவானாலும் வெளியேதான் போக வேண்டும். அந்தச் செலவை ஏற்கும் ஐ.எச்.எஸ். திட்டம்தான் பி.ஆர்.சி. (Purchased/Referred Care).

முதல் பொறி, மேலே சொன்ன ரெஃபரல். டாக்டர் எழுதிக் கொடுப்பது மருத்துவ ஆலோசனை மட்டும். பணம் கொடுக்கச் சம்மதிப்பது பி.ஆர்.சி. அலுவலகம்; அதன் அனுமதி தனியாக வர வேண்டும். அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் போவதற்கு முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும். ஒரு முறை வாங்கிய அனுமதி அடுத்த முறைக்கும் செல்லும் என்று நினைக்கக் கூடாது. மறுபரிசோதனை, ஸ்கேன், பிசியோதெரபி என்று ஒவ்வொன்றுக்கும் "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. அனுமதி எண்ணையும் அதைச் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். அலுவலகம் பின்னால் "எங்கள் பதிவில் இல்லை" என்று சொன்னால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, 72 மணி நேரம். நெஞ்சுவலி, விபத்து என்று அவசரமாக வெளி மருத்துவமனையில் சேர்ந்தால், சிகிச்சை தொடங்கிய நேரத்திலிருந்து 72 மணிக்குள் பி.ஆர்.சி. அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணித்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். மயக்கத்தில் இருப்பவர் எப்படிப் போன் செய்வார் என்று கோபம் வருகிறதா? எனக்கும் வரும். ஆனால் நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மகன், மகள், மருத்துவமனை ஊழியர் என்று யார் சொன்னாலும் செல்லும். இதைப் படிப்பவர் யாராவது அந்தப் பக்கத்து மருத்துவமனையில் வேலை செய்தால், தயவுசெய்து அந்த ஒரு போனைப் போட்டுவிடுங்கள். முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் 30 நாள் அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. தகவல் சொல்லவே முடியாத நிலைமை என்று காட்டினால் 72 மணியை நீட்டவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டையும் கவுன்டரில் யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி டாக்டர், எக்ஸ்ரே எல்லாம் தனித்தனி பில்லாக வரும். தகவல் சொல்லும்போதே எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் முகவரி. யாக்கமா உறுப்பினர் அட்டை இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. யாக்கிமா, கிளிக்கிடாட், ஸ்கமேனியா, லூயிஸ் ஆகிய கவுன்டிகள்தான் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) யாக்கமாவுக்கான பகுதி; அங்கே குடியிருக்க வேண்டும். வேலை தேடி சியாட்டிலுக்குக் குடிபோனவருக்கு 180 நாள் வரைதான் இந்த உதவி தொடரும். வெளியூரில் முழுநேரம் படிக்கும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் கல்லூரிச் சான்று கேட்பார்கள். சால்மன் காலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்கள் நிரந்தர முகவரிக்கான சான்றைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த அலைச்சல் மெடிகெயிட், அதாவது குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மற்ற எல்லா வழியும் தீர்ந்த பிறகுதான் பி.ஆர்.சி. பணம் கொடுக்கும். மெடிகெயிடுக்குத் தகுதி இருக்கலாம் என்று தோன்றினாலே முதலில் அங்கே விண்ணப்பிக்கச் சொல்வார்கள்; வாஷிங்டனில் அதற்கு ஆப்பிள் ஹெல்த் என்று பெயர். விண்ணப்பத்தைப் பாதியில் விட்டால் இங்கேயும் மறுப்புதான். அங்கே மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், இங்கே அதுதான் ஆதாரம். "மெடிகெயிட் வாங்கினால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்" என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கும் பெரியவர்கள் உண்டு. ரிசர்வேஷனுக்குள் (பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதி) இருக்கும் டிரஸ்ட் நிலம், அதாவது அவர்களுக்காக மத்திய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலம், தகுதிக் கணக்கில் சொத்தாகச் சேராது. இறந்த பிறகு செலவை வசூலிக்க அதைத் தொடவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு 2009 முதல் மத்தியச் சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மறுப்பு வரலாம். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகைக்குள்தான் இந்தத் திட்டம் ஓடுகிறது. பணம் குறைந்தால் உயிருக்கு ஆபத்தானவை முதலில், மூட்டுவலி போன்றவை பின்னால். ஒப்பந்தம் போட்டு நிலத்தை வாங்கிய அரசு இப்படி வரிசை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், புது ஆதாரம் இருந்தால் உள்ளூர் இயக்குநரிடம் மறுபரிசீலனை கேட்கலாம். இல்லையென்றால் நேராக போர்ட்லண்டில் இருக்கும் வட்டார அலுவலகத்துக்கு மேல்முறையீடு போகலாம். அங்கும் மறுத்தால் ஐ.எச்.எஸ். தலைமை இயக்குநர், அதற்கும் 30 நாள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை என்பது சட்டம். அதற்கும் பில் வந்தால் பயந்துபோய் சொந்தப் பணத்தைக் கட்டாதீர்கள், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். அனுமதிக் கடிதத்தின் நகலைப் பில்லிங் பிரிவுக்கும் வசூல் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.