கல்லீரல் அனுப்பும் புகை

அழல் என்றால் நெருப்பு; அழற்சி அதில் பிறந்த சொல். முழங்கால் சிராய்த்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். சில நாட்களில் ஆறிவிடும். தொப்பைக்குள் பற்றும் அழற்சிக்கோ வலியும் இல்லை, சூடும் இல்லை. உமி நெருப்பாய் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

கொழுப்புத் திசுவை வெறும் கிடங்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுத்ததும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புச் செல்கள் சில இறந்துபோகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் விழுங்கணுக்கள் என்ற வெள்ளணுக்கள் மாலை போலச் சூழ்ந்துகொண்டு, திரும்பிப் போகாமல் தங்கிவிடுகின்றன. டி.என்.எஃப். பெரும்பாலும் அவற்றின் கைவரிசை. சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி இன்சுலின் செல்லின் வாசலில் மணியடிக்கிறது. உள்ளே சேதி சொல்ல வேண்டிய புரதத்தின் வாயை டி.என்.எஃப். அடைத்துவிடுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து களைக்கும்போது சர்க்கரை ஏறுகிறது.

அதே கொழுப்பிலிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 என்ற இன்னோர் அழற்சிப் புரதம் எட்டியதும், கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பெயர். கடும் தொற்றில் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். இதயத்துக்காகப் பார்க்கும் நுண்ணளவுப் பரிசோதனையிலோ 1க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 3க்கு மேல் என்றால் அதிகம். சளியோ ஈறு வீக்கமோ இருக்கும்போது ‘முழு உடல் பரிசோதனை’யில் இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பதறுவது வீண். 10ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத்தான் தேட வேண்டும். அது தணிந்த பிறகு மீண்டும் பார்க்கலாம். இடுப்பை அளக்கும் டேப் இதைவிட மலிவு: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை.

சி.ஆர்.பி.தான் ரத்தக்குழாயைக் கெடுக்கிறதா? பரம்பரையாகவே அது கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. இன்டர்லூகின்-6இன் சேதியை மட்டுப்படுத்தும் மரபணு அமைந்தவர்களுக்கோ குறைகிறது. ஆக, சி.ஆர்.பி. புகை, நெருப்பு வேறிடத்தில்.

அந்த நெருப்பில் கைவைத்தது 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் குறையாதிருந்த பத்தாயிரம் பேர் அதில் பங்கேற்றனர். கனகினுமாப் என்ற ஊசி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற மற்றோர் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும், கொலஸ்ட்ராலைத் தொடாது. 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் சற்றுக் கூடினார்கள். நெருப்பை அடியோடு அணைத்தால் சோறு எப்படி வேகும்?

இப்போது பேசப்படுவது, அழற்சியைத் தணிக்கும் பழைய கீல்வாத மருந்தான கோல்கிசின். நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிராகிறது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் தர அனுமதித்தது. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 2024ஆம் ஆண்டின் பெரிய ஆய்வு ஒன்றில் பலன் தெரியவில்லை என்பதால் வாதம் ஓயவில்லை. அதற்குள் கிழங்கைத் தோண்ட யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது ஆளையே கொல்லும் விஷம்.